மாசியில் வெட்டாத மரங்கள்

ஜப்பானுக்குத்தான் மனுப் போட்டேன். கிடைத்தது ஜெர்மனி. ஷிடாகே என்னும் காளானை மரக்கட்டையில் வளர்ப்பது ஜப்பான்காரர்களின் வித்தை. அதை ஓக் கட்டையில் செய்துபார்க்கப் போவதாகக் கொலோனில் ஒரு பேராசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். உதவித்தொகையும் அங்கேதான் இருந்தது. “எந்த ஊரானால் என்ன ஓய், போய்விட்டு வாரும்” என்றார் கொடைக்கானலில் எங்கள் ஆராய்ச்சி நிலையத்து இயக்குநர். எழுபத்து மூன்றாம் ஆண்டு அது. எனக்கு வயது ஐம்பத்து நான்கு. ஐம்பத்தைந்து முடிந்தால் அரசாங்கம் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடும்.

பன்னிரண்டு வருடமாக அந்த நிலையத்தின் காளான் பிரிவு நான்தான். பிரிவு என்றால் நான், ஒரு கொட்டகை, கண்ணாடிப் புட்டிகளை வேகவைக்க ஒரு பழைய பிரஷர் குக்கர். வாட்டில் மரக் கட்டையில் முயன்றேன், பலாக் கட்டையில் முயன்றேன். எதெதுவோ முளைத்தது, ஷிடாகே மட்டும் முளைக்கவில்லை. உருளைக்கிழங்குப் பிரிவுக்காரர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “சார், குழம்புக்கு எப்போ கிடைக்கும்?” என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். வெள்ளைக்காரர்கள் அழகுக்கு நட்டுவிட்டுப் போன ஓக் மரங்கள் கொடைக்கானலில் கொஞ்சம் நிற்கின்றன. ஓக்கில் செய்யக் கற்றுக்கொண்டு வந்தால் என் பிரிவு பிழைத்துவிடும் என்று நம்பினேன்.

இயக்குநர் ஒரு நிபந்தனை விதித்தார். காளான் முளைக்க ஒன்றரை வருடமாகும், அதுவரை அவர் காத்திருக்கத் தேவையில்லை. காளான் வித்து இட்ட ஐந்தாறு மாதத்தில் கட்டையின் வெட்டுமுகத்தில் வெண்பூசணம் எட்டிப்பார்க்கும். அப்படி ஒரே ஒரு கட்டையை அக்டோபரில் கையோடு கொண்டுவந்து காட்டினால் எனக்குப் பின்னால் பிரிவை நடத்த ஆள் போடுவார். இல்லாவிட்டால் நான் ஓய்வுபெறும் அன்றே கொட்டகையைப் பிரித்துவிடுவார். “ஒரு கட்டைதானே சார்” என்றேன் நான். எவ்வளவு தைரியம்.

பிப்ரவரியில் கொலோனில் இறங்கினேன். கம்பளி உடையெல்லாம் கொடைக்கானலுக்குப் போதும், அந்த ஊருக்குப் போதாது. காலையில் ரொட்டி, மாலையில் ரொட்டி. மாலைச் சாப்பாட்டுக்குப் பெயரே மாலை ரொட்டிதான். சுடச்சுட ஒன்றை மதியம் மட்டும்தான் கண்ணால் பார்க்கலாம். அதுவும் அநேகமாக உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்குப் பிரிவுக்காரர்களின் சாபம் கடல் தாண்டியும் பலித்தது.

மூன்றாம் நாள் டிராமில் எந்த நிறுத்தத்தில் இறங்குவதென்று தெரியாமல் எனக்கு நானே தமிழில் புலம்பிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்தவர் எழுந்து வந்து, “ஐயா தமிழே?” என்றார். யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் சிவபாலன். இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் இஞ்சினியர், நாற்பதைத் தாண்டியவர், சொந்தமாக ஒரு பழைய வோக்ஸ்வாகன் வைத்திருந்தார். அன்று மாலையே சோறும் பருப்பும் ஆக்கிப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. “இதுக்கெல்லாம் அழுவினமே? சாப்பிடுங்கோ” என்றார். அன்றிலிருந்து என் வாயும் காதும் அவர்தான்.

பேராசிரியர் எனக்கு ஒரு மேசையைக் காட்டிவிட்டு, மூன்றாம் வாரமே அமெரிக்காவுக்கு விரிவுரை செய்யப் போய்விட்டார். போகுமுன் மலைக்காட்டுக்காரி ஒருத்தியின் முகவரியைத் தந்தார். பெயர் ஃப்ராவ் ரீகர், அதாவது திருமதி ரீகர். தன் காட்டில் நெருக்கமாக வளர்ந்த இளம் ஓக் மரங்களில் பத்தை எனக்காக வெட்டித்தர ஒப்புக்கொண்டிருக்கிறாள், மரத்தைப் பற்றி அவள் சொல்வதைக் கேளுங்கள் என்றார். அவர் சொன்னதிலேயே உருப்படியானது அந்த ஒரு வாக்கியம்தான். அதை நான் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சிவபாலன் காரில் போனோம். கொலோனிலிருந்து இரண்டு மணி நேரம். மலை ஏறுகிற இடத்தில் பனியில் சக்கரம் வழுக்கி, நான் இறங்கிப் பின்னால் தள்ளினேன். முழங்கால்வரை சேறு. அந்தக் கோலத்தில்தான் ஃப்ராவ் ரீகர் வீட்டு வாசலில் போய் நின்றேன். என் வயதுக்காரி, கணவர் இல்லை, கையில் ரம்பம். என் காலைப் பார்த்தாள், உள்ளே போய் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து வைத்தாள். நல்ல மனுஷி என்று அப்போதே தெரிந்தது.

காட்டில் மரமெல்லாம் மொட்டையாக நின்றது. எங்கள் பக்கத்தில் மரம் இப்படி நின்றால் பட்டுப்போயிற்று என்று விறகுக்கு ஆள் அனுப்புவோம். அவள் ஒரு மரத்தைத் தட்டிக் காட்டி நீளமாகப் பேசினாள்.

“ஐயா, அவ சொல்லுறா, இப்பவே வெட்டவேணுமாம்” என்றார் சிவபாலன். “இலை கொட்டினதுக்குப் பிறகு, மொட்டு வீங்க முன்னம். தை, மாசிதான் மரம் நித்திரை கொள்ளுற காலமாம். சத்தெல்லாம் கட்டைக்குள்ள இருக்குமாம், பட்டையும் இறுக்கமா நிக்குமாம்.”

“வித்து இன்னும் ஜப்பான்லேருந்து வரலியே தம்பி. இப்ப வெட்டிட்டு என்ன பண்றது?”

அவர் கேட்டுச் சொன்னார். “நிழலில போட்டு வைக்கலாமாம். இந்தக் குளிருக்கு ரெண்டு மூண்டு மாசம் ஒண்டும் செய்யாதாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பிறந்து வளர்ந்தது திண்டுக்கல்லில். வெட்டின கட்டையை ஒரு வாரம் போட்டால் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். பத்தாம் நாள் கறையான் ஏறிவிடும். கொடைக்கானலிலும் என் கட்டைகளில் பாதியைக் கெடுத்தது வெட்டிப் போட்டதும் நுழைந்த வேறு பூசணங்கள்தான். அன்று வெட்டி அன்றே வித்து இடவேண்டும் என்பது பன்னிரண்டு வருடத்தில் நான் கற்ற ஒரே பாடம். அதைத்தான் விட்டுக்கொடுக்கச் சொல்கிறாள்.

“முடியாதுன்னு சொல்லுங்க. கட்டை ஃப்ரெஷ்ஷா இருக்கணும். கறையான் வந்துடும்.”

கறையானுக்கு ஜெர்மன் சொல் தெரியாமல் சிவபாலன் விரலால் ஊர்ந்து காட்டினார். எறும்பா என்று கேட்டாள். அவள் ஆயுளில் கறையானைப் பார்த்ததில்லை. என் ஆயுளில் நான் பனிக்காலத்தைப் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் தத்தம் ஊர்தான் உலகம். ஆனால் நின்றுகொண்டிருந்தது அவள் ஊரில் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

கொலோனுக்குத் திரும்பியதும் இன்னொரு காரியம் செய்தேன். முப்பது வருட அரசாங்க உத்தியோகம் ஆளை விடுமா? எங்கே அவள் வெட்டிவிடப் போகிறாளோ என்று பயந்து, ஆய்வகத் தாளில் மேலே எண் போட்டு, “மறு அறிவிப்பு வரும்வரை மரம் எதையும் வெட்ட வேண்டாம், முன்னதாக வெட்டிய கட்டை ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது” என்று எழுதினேன். சிவபாலன் அதை ஜெர்மனாக்கினார். “கொஞ்சம் கடுமையா இருக்கு ஐயா” என்றார். “ஆபீஸ் லெட்டர்னா அப்படித்தான் இருக்கும்” என்றேன். பெட்டியில் கொண்டுவந்திருந்த என் பதவி முத்திரையையும் கீழே பலமாக ஒரு குத்துக் குத்தினேன்.

பிறகு காத்திருந்தேன். ஜப்பானிலிருந்து கிளம்பிய வித்து சுங்க அலுவலகத்தில் மாட்டிக்கொண்டது. உயிருள்ள பொருள், அயல்நாட்டுப் பூசணம். அதற்கு ஒரு ஆன்ட்ராக், அதாவது விண்ணப்பம், அந்த விண்ணப்பத்தைக் கொடுக்க டெர்மின், அதாவது முன்கூட்டியே வாங்கும் நேரம். சிவபாலன் அரைநாள் விடுப்புப் போட்டு மூன்று முறை வந்தார். மார்ச் போயிற்று. பூங்காவில் செர்ரி பூத்தது, மற்ற மரங்கள் ஒவ்வொன்றாகப் பச்சை கட்டின. ஓக் மட்டும் மொட்டையாகவே நின்றது. தினமும் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்புவேன். என் கடிதத்துக்கு அடங்கி மரமும் காத்திருக்கிறது என்று பெருமையாகக்கூட இருந்தது.

வித்து ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று கைக்கு வந்தது. கட்டையில் துளைபோட்டு அடித்து மெழுகால் மூடவேண்டிய சுண்டுவிரல் அளவு மரஆணிகள், எல்லாவற்றின் மேலும் பஞ்சுபோல் வெள்ளை. உயிரோடு இருந்தது. நான் திண்டுக்கல் கத்தோலிக்கன். வாசனையை முகர்ந்துவிட்டு அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டேன். சிவபாலனுக்கு விடுமுறையிலும் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை, திங்களன்றுதான் வரமுடியும் என்றார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாளே தனியாக ரயில் ஏறினேன்.

பெரிய வெள்ளி என்பதால் மலைக்குப் போகும் பஸ்ஸில் பாதி ஓடவில்லை. கடைசி எட்டு கிலோமீட்டரை நடந்தேன், பொட்டலத்தைக் குளிர்படாமல் கோட்டுக்குள் மார்போடு வைத்துக்கொண்டு. வழியில் ஒரு பால்வண்டிக்காரர் நிறுத்தி, உள்ளே குழந்தையா என்று கையால் தாலாட்டிக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த ஊர் விடுதியில் தங்கினேன்; மீனும், வேறென்ன, உருளைக்கிழங்கும் கொடுத்தார்கள். வெள்ளி விடுமுறை, ஞாயிறு விடுமுறை, திங்கள் விடுமுறை. நடுவில் சனிக்கிழமை ஃப்ராவ் ரீகருக்குக் கோயிலை அலங்கரிக்கும் முறை. செவ்வாய்க்கிழமை வெட்டலாம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்.

உயிர்த்த ஞாயிறன்று ஊர்க்கோயிலில் பூசை பார்த்தேன். பாட்டு மெட்டுகளில் இரண்டு எனக்குத் தெரிந்தவை. ஜெர்மன்காரர்களுக்கு நடுவில் தமிழில் பாடினேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பொழுது சாயும்போது ஊருக்கு வெளியே மேட்டில் பாஸ்கா நெருப்பு மூட்டினார்கள். எங்கள் கோயிலில் ஒரு சட்டியில் நாலு கொட்டாங்கச்சியைப் போட்டுப் புதுத்தீ மந்திரிப்போம். இங்கே வீட்டு உயரத்துக்குச் சுள்ளியும் கட்டையும் அடுக்கியிருந்தார்கள். ஊரே சுற்றி நின்றது. வந்ததிலிருந்து முதல் தடவையாக அன்றுதான் எனக்குக் குளிரவில்லை. கையையும் முதுகையும் மாறிமாறிக் காட்டிக் காய்ந்தேன். எதிர்ப்புறம் நின்ற ஃப்ராவ் ரீகர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் கையசைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை. முதல்நாளே வந்துவிட்ட சிவபாலனும் நானும் பொட்டலம், துளைக்கருவி, மெழுகு எல்லாவற்றோடும் காட்டுக்குப் போனோம். ஓக் மரங்கள் மொட்டையாகவே நின்றன. “பாத்தீங்களா, ஒரு இலை இல்ல” என்றேன் சிவபாலனிடம். ஃப்ராவ் ரீகர் ரம்பத்தை இழுத்தாள். மரம் சாய்ந்தது. விழுந்த அதிர்ச்சியில் பட்டை நீளவாக்கில் வெடித்தது. உருட்டுவதற்காகக் கையை வைத்தேன். பட்டை என் கையோடு வந்துவிட்டது.

பூவரசங் கொம்பில் நார் உரித்தால் வருமே, அப்படி வந்தது. உள்ளே கட்டை ஈரமாக வழவழவென்று பளபளத்தது. ஷிடாகேவுக்குப் பட்டைதான் தோலும் கூரையும். பட்டை போன கட்டை ஒரு மாதத்தில் வெடித்துக் காய்ந்துவிடும், அதில் ஒன்றும் வாழாது. இது எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாகத் தெரியும்.

“இன்னொண்ணு வெட்டச் சொல்லுங்க” என்றேன். வெட்டினாள். அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. நாலாவதுக்கு அவள் ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டாள். விழுந்த மரத்தின் நுனிக்கொம்பு ஒன்றை ஒடித்து என் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். பழுப்பு மொட்டுகள் பருத்துச் செதில் விலகி, ஓரத்தில் நூலளவு பச்சை. இத்தனை நாள் இலை வந்ததா என்றுதான் பார்த்தேனே தவிர மொட்டைப் பார்க்கவில்லை. இலை வெளியே வருமுன்பே மரம் விழித்துவிடும் என்று ஓக் மரத்தை வாசலில் வைத்துக்கொண்டிருப்பவளுக்குத் தெரியும். வருடமெல்லாம் இலையோடு நிற்கும் மரங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு எப்படித் தெரியும்? அவள் சொன்னாள். நான் கேட்கவில்லை. இதில் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை.

“மாசியில வெட்டினது ஏதாவது இருக்கா, கேளுங்க. விறகுக்கு வெட்டினதுகூடப் பரவால்ல.”

அவர் கேட்டார். அவள் மெதுவாக என்னவோ சொன்னாள். சிவபாலன் என்னைப் பார்க்கவில்லை.

“என்னங்க?”

“ஐயா... நாங்கள் வந்துபோன அடுத்த நாளே ஆறு மரம் வெட்டி வச்சவவாம். நீங்கள் ஒரு கிழமையில மனம் மாறி வருவீங்கள் எண்டு நினைச்சவவாம். பிறகு உங்கட கடிதம் வந்ததாம்.”

“அந்த ஆறு எங்க?”

“நெருப்புக்குக் குடுத்திட்டாவாம். ஞாயிற்றுக்கிழமை எரிச்சதில அதுதானாம் அடியில கிடந்தது.”

ஃப்ராவ் ரீகர் வீட்டுக்குள் போய்க் கடிதக் கோப்பு ஒன்றை எடுத்துவந்தாள். இரண்டு ஓட்டை குத்தி, ஒழுங்காகக் கோத்து வைத்திருந்தாள் என் கடிதத்தை. முன்னதாக வெட்டிய கட்டை ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது என்ற வரியில் விரலை வைத்தாள். “எழுத்தில் கொடுத்திருந்தீர்கள்” என்றாளாம். குற்றம்சாட்டும் குரலில் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவள் கண் கலங்கியிருந்தது. கீழே என் முத்திரை சற்றும் மங்காமல் இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் கொட்டகையிலிருந்து கயிறு வாங்கி, உரிந்த பட்டையைத் திரும்பக் கட்டையில் வைத்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினேன். எலும்பு முறிந்த ஆளுக்குப் புத்தூரில் மாவுக்கட்டுப் போடுவார்களே, அந்த மாதிரி. ஒரு பக்கம் கட்டினால் மறுபக்கம் வழுக்கியது. சிவபாலன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கட்டை முடித்து மூன்றாவதில் கை வைத்தபோது, “காணும் ஐயா. விடுங்கோ” என்றார். சேற்றில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்து நான்கு வயதில் அந்நியர் முன்னால் அழுவது லேசில்லை. ஆனால் வந்துவிட்டது.

புதன்கிழமை சிவபாலன் விடுப்பை நீட்டித்துக்கொண்டு, மரஅறுப்பு ஆலைகளைப் பார்க்கலாம் என்றார். பனிக்காலத்தில் வெட்டிய கட்டை எங்காவது கிடக்காதா? முதல் ஆலையில் எல்லாமே பட்டை சீவிய கட்டைகள். இரண்டாவதற்குப் போகும் வழியில் வண்டியில் பெல்ட் அறுந்தது. ஒரு உழவர் டிராக்டரில் கட்டி இழுத்து, மோரும் கொடுத்து, பெல்ட்டும் மாட்டிவிட்டார். இவ்வளவு நல்ல ஜனங்களின் ஊரில் எனக்கு ஏன் ஒன்றும் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது ஆலையில் பட்டையோடு ஓக் இருந்தது. ஒவ்வொன்றும் பீப்பாய் பருமன், போன வருடத்து மழையில் கிடந்தது, உடம்பெல்லாம் வேறு பூசணம் விசிறிபோல் விரித்திருந்தது. மேஸ்திரி அதைத் தட்டிக் காட்டி, “காளான்தானே கேட்டீர்கள், இதோ” என்று சிரித்தார். அவருக்குத் தெரியாது பாவம்.

திரும்பும்போது சிவபாலன் சொன்னார்: “சுங்கத்தில பிந்திப்போச்சு எண்டு எழுதுங்கோ ஐயா. பொய்யில்லையே. ஆருக்குத் தெரியப்போகுது?”

யோசித்தேன். வியாழனும் வெள்ளியும் விடுதி மேசையில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்தேன். சுங்கத்தின் மேல் போட்டால் இயக்குநர் நம்புவார், பரிதாபப்படுவார். ஆனால் கொட்டகையைப் பிரிக்கத்தான் செய்வார். ஒரு பொய்யைக் கட்டிக்காக்கும் தெம்பும் எனக்கு இல்லை. “மரம் உரிய காலத்தில் வெட்டப்படவில்லை. வெட்ட வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவன் நானே” என்று எழுதி உறையில் போட்டு ஒட்டினேன்.

சனிக்கிழமை ஃப்ராவ் ரீகரிடம் விடைபெறப் போனேன். சிவபாலன் கொலோனுக்குத் திரும்பிவிட்டதால் இருவருக்கும் தெரிந்த சொற்களில் பேசினோம். மீதி மரத்தைக் காட்டி, நவம்பரில் வா, இலை பழுத்து விழட்டும், நானே வெட்டித் தருகிறேன் என்றாள். நவம்பரில் நான் இங்கில்லை, ஊருக்குப் போய்விடுவேன் என்றேன். சரி, அடுத்த நவம்பரில் என்றாள். அப்போது எனக்கு வேலையே இல்லை என்பதை எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லத் தெரியவில்லை. சரி என்றேன். அவள் சந்தோஷப்பட்டு ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இரண்டு நாளாக வெயில் நன்றாக அடித்திருந்தது. ஒரு வளைவு திரும்பியதும் முன்சீட்டு அம்மாள் “ஓ!” என்றாள். எல்லோரும் இடப்பக்கம் எட்டிப் பார்த்தார்கள். காட்டின் ஓரத்து ஓக் மரங்கள் ஒட்டுமொத்தமாக இலை விட்டிருந்தன. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்து என்னவோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் திரும்பி, இந்த அயல்தேசத்தான் பார்க்காமல் போய்விடப் போகிறானே என்று என் கையைத் தொட்டு வெளியே காட்டினாள். “வந்துவிட்டது, பாருங்கள்!”

“ஆமாம், வந்துவிட்டது” என்றேன். அவளுக்காகச் சிரிக்கவும் செய்தேன். பிறகு வலப்பக்க ஜன்னலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அங்கேயும் ஓக் மரங்கள்தான்.